காருக்குள் கலர் விளக்கு எரியவில்லையா? கம்ப்யூட்டர் முறையில் பழுது கண்டுபிடிப்போம்

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய சொகுசு கார் என்பது சக்கரம் வைத்த ஒரு நெட்வொர்க்தான். எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று பல சின்னக் கம்ப்யூட்டர்கள் அதில் இருக்கின்றன. அவை ஒயர் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எனவே வீட்டுக் கம்ப்யூட்டரில் பழுது பார்க்கக் கற்றவர், காரில் வரும் சில கோளாறுகளையும் புரிந்துகொள்ள முடியும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு கல்யாணக் காரில் தவறு செய்து கற்றுக்கொண்டேன். அந்தத் தவறையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அது பெரிய பாடம்.

வந்த பிரச்சினை

நான் அம்பத்தூரில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து, சர்வீஸும் செய்து வருகிறேன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஓர் அண்ணன், பழைய ஜெர்மன் சொகுசு கார் ஒன்றை வாங்கிக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறார். திருமுல்லைவாயில், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி மண்டபங்களில் மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன் என்றால் அவர் கார் நிற்கும். அந்தக் காரின் தவணையைக் கட்டுவது முகூர்த்த நாட்களின் வருமானம்தான்.

சென்ற ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை என்னிடம் வந்தார்.

"தம்பி, பின்னாடி இடது கதவுல கலர் லைட்டு எரியல. ஞாயித்துக்கிழமை ஆவடியில ரிசப்ஷன். பொண்ணு ஏறுறதே அந்தக் கதவுலதான். லைட்டு இருக்குன்னு சொல்லித்தான் அட்வான்ஸ் வாங்கியிருக்கேன்."

ஒர்க்‌ஷாப்பில் காட்டியபோது, விளக்கு செட்டையும் அதை இயக்கும் பெட்டியையும் மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். பாகம் வரவே பத்து நாள் ஆகுமாம். "நீ கம்ப்யூட்டர் பாக்குறியே, இதையும் பாரேன்" என்றார்.

ஆம்பியன்ட் லைட் என்பது என்ன?

காருக்குள் டேஷ்போர்டு ஓரம், கதவுக் கைப்பிடி, கால் வைக்கும் இடம் ஆகியவற்றில் மெல்லிய கோடாக ஒளி தெரியும். இதற்கு ஆம்பியன்ட் லைட் என்று பெயர். படிக்க உதவும் விளக்கு அல்ல. இரவில் கண்ணைக் கூசாமல் உள்ளே ஓர் அழகைத் தருவது.

அந்த நீளமான கோடு முழுவதும் விளக்கு என்று நினைக்காதீர்கள். அது கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குச்சி. அதன் ஒரு முனையில் கடுகு போல ஒரு எல்இடி இருக்கும். அதன் ஒளி குச்சிக்குள் பாய்ந்து, வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசியும்.

அந்த எல்இடிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்இடிகள் உள்ளன. உங்கள் மானிட்டரின் ஒவ்வொரு புள்ளியிலும் இதே மூன்று நிறங்கள்தான். மூன்றையும் வெவ்வேறு அளவில் கலந்தால் எந்த நிறமும் கிடைக்கும். 2016ல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸ் காரில் 64 நிறங்களைத் தேர்வு செய்யும் வசதி கொடுத்தார்கள். பிரகாசமான நீல எல்இடி 1990களில் வந்த பிறகுதான் இப்படிக் கலப்பது சாத்தியமானது. நீல எல்இடியைக் கண்டுபிடித்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

விளக்குகள் எப்படிப் பேசுகின்றன?

பழைய அம்பாசிடர் காரில் உள்விளக்கு என்றால் ஒரு ஸ்விட்ச், ஒரு பல்பு, இரண்டு ஒயர். அவ்வளவுதான். இப்போதைய காரில் நீங்கள் திரையில் "நீலம்" என்று தொட்டால், அது ஒரு செய்தியாக மாறி ஒயரில் பயணம் செய்கிறது. இதற்கு இரண்டு வகை நெட்வொர்க் உண்டு.

கேன்: ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986ல் வெளியிட்டது. இரண்டு ஒயர்களை முறுக்கிச் செய்வது. நொடிக்கு 10 லட்சம் பிட் வரை செல்லும். எஞ்சின், பிரேக் போன்ற முக்கியமான வேலைகளுக்கு இது.

லின்: ஒரே ஒரு ஒயர். நொடிக்கு 20 ஆயிரம் பிட் வரைதான். வேகம் குறைவு, செலவும் குறைவு. கண்ணாடி, சீட், கலர் விளக்கு போன்ற அவசரமில்லாத வேலைகளுக்கு இது போதும். இதில் ஒரு தலைமைப் பெட்டியும், அதன் கீழ் 15 சாதனங்கள் வரையும் இருக்கலாம்.

லின் எப்படி வேலை செய்கிறது என்பதற்குப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறார். கூப்பிட்டவன் மட்டும் "உள்ளேன் ஐயா" என்கிறான். தானாக யாரும் பேசக்கூடாது. தலைமைப் பெட்டிதான் ஆசிரியர். விளக்குகள் மாணவர்கள்.

இப்படி ஒரு கதவு விளக்குக்குப் பொதுவாக மூன்று ஒயர்கள் போகும்: 12 வோல்ட் கரண்ட், எர்த், லின் செய்தி ஒயர். இந்த மூன்றையும் நினைவில் வையுங்கள். இந்தக் கட்டுரையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

பழுது தேடும் வரிசை

கம்ப்யூட்டரோ காரோ, செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். பாகம் மாற்றுவது கடைசி.

1. செட்டிங்கைப் பாருங்கள். ஸ்பீக்கரில் சத்தம் வரவில்லை என்று வருகிறவர்களில் பலர் மியூட்டில் வைத்திருப்பார்கள். காரிலும் அப்படித்தான். பல கார்களில் ஹெட்லைட் போட்டால் அல்லது இருட்டினால்தான் ஆம்பியன்ட் லைட் எரியும். வெளிச்சத்தின் அளவைப் பூஜ்யத்தில் வைத்திருந்தாலும் எரியாது. இருட்டான இடத்தில் நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, மெனுவில் வெளிச்சத்தை முழுவதும் கூட்டிப் பாருங்கள்.

2. பேட்டரியைப் பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். எஞ்சின் ஓடும்போது சுமார் 14 வோல்ட். பேட்டரி இறங்கினால், ஸ்டார்ட் ஆவதற்குக் கரண்ட் மிச்சம் வேண்டும் என்று கார் தானாகவே அலங்கார விளக்குகளை அணைத்துவிடும்.

3. ரீஸ்டார்ட் செய்யுங்கள். காரைப் பூட்டி, சாவியைத் தூர வைத்து, அரை மணி நேரம் விடுங்கள். உள்ளிருக்கும் பெட்டிகள் எல்லாம் தூங்கிவிடும். மறுபடி திறந்தால் புதிதாகத் தொடங்கும். தொங்கிப்போன ஒரு பெட்டி இதிலேயே சரியாகலாம்.

4. எத்தனை விளக்கு எரியவில்லை என்று எண்ணுங்கள். எல்லாமே எரியவில்லை என்றால் செட்டிங், பியூஸ் அல்லது தலைமைப் பெட்டி. ஒரே கதவில் மட்டும் என்றால் அந்தக் கதவின் ஒயர் அல்லது விளக்கு. தெரு முழுவதும் கரண்ட் இல்லையா, நம் வீட்டில் மட்டும் இல்லையா என்று எட்டிப் பார்ப்போமே, அதே கணக்கு.

5. நிறத்தைப் பாருங்கள். மெனுவில் வெள்ளை நிறம் வையுங்கள். ஒரு விளக்கு மட்டும் பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் அதில் சிவப்பு எல்இடி போயிருக்கிறது. கத்தரிப்பூ நிறமாகத் தெரிந்தால் பச்சை இல்லை. மஞ்சளாகத் தெரிந்தால் நீலம் இல்லை. பழைய விஜிஏ மானிட்டர் கேபிளில் ஒரு பின் வளைந்தால் திரை முழுவதும் ஒரே சாயலாக மாறுமே, அதே விஷயம்தான். அந்தக் கேபிளில் 1, 2, 3 ஆகிய பின்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலத்துக்கு உரியவை.

6. ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதன் பெயர் ஓபிடி. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களில் இது கட்டாயமாக்கப்பட்டது. குறைந்த விலை புளூடூத் கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோளாறுகளை மட்டும் காட்டும். கதவு விளக்கு போன்றவற்றைப் பார்க்க அந்தக் கம்பெனி காருக்கான சாப்ட்வேர் தேவைப்படும். வரும் எர்ரர் கோடுகளை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதாமல் அழிக்காதீர்கள்.

நான் செய்த தவறு

அண்ணன் காரில் 1 முதல் 5 வரை ஒரு மணி நேரத்தில் முடித்தேன். செட்டிங் சரி. பேட்டரி சரி. ரீஸ்டார்ட் செய்தும் பலன் இல்லை. மற்ற மூன்று கதவுகளிலும் விளக்கு அழகாக எரிகிறது. ஆக, பியூஸும் தலைமைப் பெட்டியும் நன்றாகத்தான் இருக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்டில் இருந்த பெட்டியை மாற்றத் தேவையில்லை என்று அப்போதே தெரிந்தது. எனக்கு ஒரே பெருமை.

பிறகு நண்பர் ஒருவரின் ஸ்கேனரைப் போட்டோம். "பின் இடது கதவு விளக்கு: தொடர்பு இல்லை" என்ற பொருளில் கோடு வந்தது. "அண்ணே, விளக்கு போச்சு. புதுப்பேட்டையில பழசு ஒண்ணு கிடைக்கும், வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பாதி நாள் அலைந்து, 2,500 ரூபாய் கொடுத்து ஒரு பழைய விளக்கை வாங்கி வந்தார். மாட்டினோம். எரியவில்லை. பழைய சாமானைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "சரி விடு தம்பி" என்றார். அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

எங்கே தவறினேன்? கோடு சொன்னது "பதில் வரவில்லை" என்று மட்டும்தான். ஏன் வரவில்லை என்று அது சொல்லவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் பையன் வராமல் இருக்கலாம். வந்திருந்தும் ஆசிரியர் குரல் அவனுக்குக் கேட்காமல் இருக்கலாம். நான் விசாரிக்காமல் ஆப்சென்ட் போட்டுவிட்டேன். எர்ரர் மெசேஜ் என்பது சாட்சி சொல்வது. தீர்ப்பு நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொரு தவறும் உண்டு. எப்போதிலிருந்து எரியவில்லை, எப்படி நின்றது என்று நான் கேட்கவே இல்லை. வெள்ளி இரவு கேட்டேன். "முதல்ல கொஞ்ச நாள் கதவைத் திறந்து மூடும்போது மினுக் மினுக்குன்னு வந்துச்சு, அப்புறம் சுத்தமா நின்னுபோச்சு" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை வியாழனே கேட்டிருந்தால் 2,500 ரூபாய் மிச்சம்.

உண்மையான பழுது

சனிக்கிழமை காலை பாடியில் உள்ள ஓர் அனுபவமுள்ள கார் எலெக்ட்ரீஷியனிடம் போனோம். கதவின் உள்பலகையைக் கழற்றுவது என் வேலை அல்ல. கிளிப்புகள் உடையும். அந்தப் பக்கம் ஏர்பேக் ஒயரும் போகிறது.

முதலில் மாற்றி மாட்டும் சோதனை. இடது கதவு விளக்கைக் கழற்றி வலது கதவில் மாட்டினோம். பாக எண் இரண்டுக்கும் ஒன்றே. பளிச்சென்று எரிந்தது! ஆக, விளக்கு ஆரம்பத்திலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. (எல்லாக் கார்களிலும் இந்தச் சோதனை பொருந்தாது. சிலவற்றில் ஒவ்வொரு விளக்குக்கும் ஐபி அட்ரஸ் போல ஒரு எண்ணைப் பதிவு செய்திருப்பார்கள்.)

அடுத்து மல்டிமீட்டர். இடது கதவுக் கனெக்டரில் கரண்ட் ஒயர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. எர்த் சரி. மூன்றாவது ஒயரான லின்னைத் தொட்டால் பூஜ்யம். நன்றாக எரியும் வலது கதவில் அதே ஒயர் 10 வோல்ட்டைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. லின் ஒயர் சும்மா இருக்கும்போது பேட்டரி அளவு வோல்ட்டேஜில் இருக்கும். செய்தி போகும்போது மேலும் கீழும் குதிக்கும். மீட்டர் அதன் சராசரியைக் காட்டுவதால் சற்றுக் குறைவாகத் தெரியும்.

கரண்ட் இருக்கிறது, செய்தி இல்லை. மானிட்டரில் பவர் லைட் எரிந்து, திரையில் "நோ சிக்னல்" என்று வருமே, அதுதான் இது! மானிட்டர் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் நாம் சிரிப்போம். கேபிளைப் பார் என்போம். காரில் நான் அதைச் செய்யவில்லை.

கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவே, கீல் அருகில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள் ஒயர்கள் போகும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிரும். கல்யாணக் காரில் பின் இடது கதவு எத்தனை ஆயிரம் முறை திறந்திருக்கும்! எலெக்ட்ரீஷியன் அந்த ரப்பரை மெல்ல வளைத்தார். மீட்டர் பூஜ்யத்திலிருந்து 10க்குத் தாவியது. விட்டார். மறுபடி பூஜ்யம். ரப்பரை விலக்கிப் பார்த்தால், மேலே பிளாஸ்டிக் உறை முழுதாக இருக்க, உள்ளே செம்புக் கம்பி முறிந்திருந்தது.

முறிந்த இடத்திலேயே சால்டர் வைத்து ஒட்டக்கூடாது என்று அவர் சொன்னார். சால்டர் வைத்த இடம் விறைத்துவிடும். மடங்கும் இடத்தில் விறைப்பு இருந்தால் சீக்கிரமே மீண்டும் முறியும். அதனால் ரப்பருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு இணைப்புகள் போட்டு, நடுவே அதே தடிமனில் புது ஒயரை விட்டார். இணைப்புகளின் மேல் சூட்டில் சுருங்கும் டியூப் மாட்டினார். கூலியும் பொருளும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

ஞாயிறு மாலை ஆவடி மண்டபத்தில் மணப்பெண் அந்தக் கதவில்தான் ஏறினார். அண்ணன் போன் செய்து சொன்னார். புதுப்பேட்டை விளக்குக்கான பணத்தைக் கொடுக்கப் போனேன். "ஸ்பேரா இருக்கட்டும்" என்று வாங்க மறுத்துவிட்டார்.

மழையும் ஒரு காரணம்

நம் பகுதியில் இன்னொரு காரணத்தையும் மறக்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையிலும் புறநகரிலும் பல கார்கள் தண்ணீரில் நின்றன. காருக்குள் தண்ணீர் வந்தால் மேலே சீட் காய்ந்துவிடும். ஆனால் கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் பல நாள் தங்கும். சில கார்களில் ஒயர் இணைப்புகள் அங்கேயே போகின்றன. கனெக்டரில் பச்சையாகப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் அது செம்பு அரித்ததன் அடையாளம். பழைய சொகுசு கார் வாங்குகிறவர்கள் கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். கலர் விளக்கு ஒன்று எரியாதது, உள்ளே நடக்கும் பெரிய அரிப்பின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம்.

கட்டாயம் கவனிக்க

* மஞ்சள் நிற உறை அல்லது மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயர்களைத் தொடாதீர்கள். அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியவை. தவறினால் ஏர்பேக் வெடித்து விரியும்.

* 5 ஆம்பியர் பியூஸ் போனால் 5 ஆம்பியர்தான் போட வேண்டும். பெரிய பியூஸ் போட்டால் அடுத்து எரிவது ஒயராக இருக்கும்.

* கார் ஆன் செய்த நிலையில் கனெக்டர்களைக் கழற்றாதீர்கள், மாட்டாதீர்கள்.

* செய்தி ஒயரில் பல்பு வைத்த டெஸ்டரைப் போடாதீர்கள். மல்டிமீட்டர் மட்டுமே போட வேண்டும். ஒயரின் உறையில் ஊசி குத்திப் பார்க்கவும் கூடாது. அந்த ஓட்டையில் ஈரம் இறங்கும்.

* வெளியே வாங்கிய கலர் எல்இடி பட்டைகளைக் காரின் செய்தி ஒயரில் இணைக்காதீர்கள். ஒரே ஒயரில் இருக்கும் மற்ற விளக்குகளும் பேச முடியாமல் போகும்.

நீங்கள் செய்து பாருங்கள்

கார் இல்லையே என்று நினைக்க வேண்டாம். இதே பாடத்தை உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் செய்து பார்க்கலாம். கம்ப்யூட்டர் ஓடும்போது மானிட்டரின் ஆன் பட்டனை அழுத்தி அணையுங்கள். திரையில் என்ன தெரிகிறது? பவர் லைட் எப்படி இருக்கிறது? மறுபடி ஆன் செய்யுங்கள். அடுத்து கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்துவிட்டு, மானிட்டரை மட்டும் ஆனில் வைத்துப் பாருங்கள். முதல் நிலையில் மானிட்டர் இயங்கவில்லை. இரண்டாவதில் அது இயங்குகிறது, ஆனால் செய்தி வரவில்லை. இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பிறகு ஒரு நாள் உங்கள் பிரிண்டரோ ஸ்பீக்கரோ மவுஸோ வேலை செய்யாமல் போகும். அப்போது கடைக்கு ஓடாதீர்கள். எப்போது நின்றது, எப்படி நின்றது என்று முதலில் கேளுங்கள். செட்டிங், கரண்ட், கேபிள் என்று வரிசையாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நன்றாக வேலை செய்யும் இன்னொரு இடத்தில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் வேலை செய்யவில்லை என்றால் மட்டும் புதிய பாகம் வாங்குங்கள்.